2023இன் நிலநடுக்கங்கள் போன்ற ஒன்று ஏற்காட்டுக்கும் வருமா?

சேலத்திலிருந்து ஒருவர் கேட்ட இக்கேள்விக்கு, அவ்வாண்டின் நிகழ்வுகளிலிருந்தே விடை தொடங்க வேண்டும். பிப்ரவரி 6 விடியலுக்கு முன், கிழக்கு அனத்தோலியப் பிளவை ஒட்டி 7.8 அளவிலும், ஏறத்தாழ ஒன்பது மணி நேரத்தில் 7.5 அளவிலும் துருக்கி அதிர்ந்தது. புவியோட்டின் பெரும் பாளங்களில் ஒன்றான அரேபியத் தட்டு வடக்கே நெருக்க, அனத்தோலியத் தட்டு மேற்கே நழுவுவதால் நெடுங்காலம் சேர்ந்த இறுக்கம் அன்று விடுபட்டு, சிரியாவையும் சேர்த்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. செப்டம்பரில் மொராக்கோவில் 6.8, அக்டோபரில் ஆப்கானிஸ்தானின் ஹெராத்தில் அடுத்தடுத்து 6.3. இவ்விரு இடங்களிலும் மண் வீடுகளே பலரின் உயிரைக் குடித்தன என்பது என்னை மிகவும் வருத்துகிறது.

ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையின் சார்னோகைட் என்னும் கடும்பாறை மிகத் தொன்மையானது. தட்டு விளிம்புகளோ வெகு தொலைவில் உள்ளன. ஆகவே 7.8 இங்கே எதிர்பார்க்கத் தக்கதன்று. ஆயினும் 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பகுதியில் சுமார் 6 அளவில் நிலம் அதிர்ந்தது (ஆற்றலில் 7.8இன் ஏறத்தாழ ஐந்நூற்றில் ஒரு பங்கு). நிலநடுக்கம் தாங்கும் கட்டடங்களுக்கான 2002ஆம் ஆண்டின் இந்தியத் தர விதியும் சேலத்தை மிதமான அபாயமுள்ள மூன்றாம் மண்டலத்தில் வைத்தது. எனவே மலைச்சரிவில் தூண்கள்மேல் வீடு எழுப்புவோர், கம்பிக்கட்டில் சிக்கனம் பார்க்கவே கூடாது.