அழைப்பை உறுதி செய்வது யார்? – வாசகர் கேள்விகளுக்கு ஆயர் பதில்

கேள்வி: நான் பட்டப்படிப்பு முடித்து, மன்னார்குடி அருகே ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராகப் பணியாற்றுகிறேன். வயது 27. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில், கர்த்தர் என்னை முழுநேர ஊழியத்துக்கு அழைக்கிறார் என்று உணர்ந்து ஒப்புக்கொடுத்தேன். அந்த உணர்வு இன்றும் குறையவில்லை. அண்மையில் எங்கள் ஊருக்கு வந்த ஓர் ஊழியர், வேலையை உடனே விடாவிட்டால் நான், தேவ கட்டளைக்குத் தப்பி ஓடிய யோனாவைப்போல் ஓடுகிறவன் என்று சொல்லி, தாம் நடத்தும் மூன்று மாத வேதபாடசாலையில் சேரும்படி வற்புறுத்துகிறார். அக்காவின் திருமணத்துக்கு வாங்கிய கடன் என் பெயரில் உள்ளது. அப்பா இல்லை, அம்மா நடவு வேலைக்குப் போகிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும், ஐயா?

பதில்: அன்புத் தம்பிக்கு, இத்தனை காலமாகத் தணியாத ஒரு விருப்பத்தைக் கூட்டத்தின் உணர்ச்சிவேகம் என்று தள்ளிவிட நான் துணியமாட்டேன். ஆனால் அது அழைப்புதான் என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பை நீங்களோ, ஒருநாள் உங்கள் ஊருக்கு வந்து போன ஊழியரோ தனியாக எடுத்துக்கொள்ள முடியாது. சாமுவேலைக் கர்த்தர் பெயர் சொல்லி அழைத்தபோது, அது யாருடைய குரல் என்று அவனுக்கே தெரியவில்லை. மூன்றாம் முறை அவன் எழுந்து வந்த பிறகுதான், அழைக்கிறவர் கர்த்தர் என்பதை ஆசாரியரான ஏலி கண்டுகொண்டார். அந்த ஏலியும் கண் மங்கியவர், தம் பிள்ளைகளையே அடக்கத் தவறியவர். அப்படிப்பட்ட ஒரு மூத்தவரின் துணைகூட அந்தப் பிள்ளைக்குத் தேவைப்பட்டது. உங்கள் சபை ஆயர் குறைகள் உள்ளவராக இருக்கலாம். அதைக் காரணம் காட்டி அவரைத் தாண்டிப் போக வேண்டாம்.

நம் டெல்டாவின் வரலாறே இதற்குச் சான்று தருகிறது. தரங்கம்பாடியில் 1733 டிசம்பர் 28 அன்று குருப்பட்டம் பெற்ற ஆரோன், இந்தியப் புரொட்டஸ்டண்டு சபைகளின் முதல் இந்தியப் போதகர் என்று அறியப்படுகிறவர். அவர் ஞானஸ்நானம் பெற்றதோ 1718-இல். இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் அவர் உபதேசியாராக, அதாவது சபை மக்களுக்குப் போதிப்பவராக, ஊர் ஊராக நடந்து, மக்கள் கண்முன்னே வாழ்ந்து காட்டிய பிறகே அவருக்குக் குருப்பட்டம் அளிக்கப்பட்டது. அவரோடு ஒப்பிட்டால் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்குவின் புறப்பாடு மிக விரைவானது. 1706-இல் தரங்கம்பாடியில் கரையிறங்கியபோது அவருக்கு 24 வயதுகூட நிறைந்திருக்கவில்லை. எனினும் வந்தவுடன் பிரசங்க மேடை ஏறாமல், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு அமர்ந்து, மணலில் விரலால் தமிழ் எழுத்துப் பழகியவர் அவர். இவ்விருவரையும் நினைத்துக்கொண்டு அந்த மூன்று மாதச் சான்றிதழைப் பாருங்கள். அதன்மேல் எனக்கு மதிப்பில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை.

கடனைப் பற்றியும் அம்மாவைப் பற்றியும் நீங்கள் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். அவை அழைப்புக்கு நடுவே வந்த தடைகள் என்று யாரோ உங்களை நம்பவைத்திருக்கிறார்கள் போலும். பெற்றோருக்குச் சேரவேண்டியதை ‘கொர்பான்’, அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லி அவர்களைக் கைவிட்டவர்களை ஆண்டவர் கடுமையாகக் கண்டித்ததை மாற்கு ஏழாம் அதிகாரத்தில் வாசியுங்கள். அதே நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில், பிசாசுகளின் பிடியிலிருந்து விடுதலை பெற்ற ஒருவன் இயேசுவோடு கூடவே வர வேண்டிக்கொண்டபோது, அவர் அதற்கு இடங்கொடாமல், வீட்டுக்குப் போய்த் தன் இனத்தாருக்கு அறிவிக்கும்படி அனுப்பினார். மறுபுறம், யாக்கோபும் யோவானும் தகப்பனைப் படகில் விட்டுப் புறப்பட்டார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் அங்கே செபதேயுவுக்குத் துணையாகக் கூலியாட்கள் இருந்தார்கள் என்று மாற்கு குறிப்பிட மறக்கவில்லை. உங்கள் அம்மாவுக்குத் துணை யார்?

ஆகவே வேலையை இப்போது விடாதீர்கள். பவுலும் கொரிந்துவில் கூடாரத் தொழில் செய்துகொண்டே ஓய்வுநாள்தோறும் ஜெப ஆலயத்தில் பேசினார். கடன் எந்த மாதத்தில் தீரும் என்று கணக்கிட்டு அம்மாவிடம் சொல்லுங்கள். பயிற்சிக் காலத்தில் வீட்டுச் செலவுக்கு என்ன வழி என்பதையும் அக்காவின் குடும்பத்தோடு பேசி முடிவு செய்யுங்கள். இதற்கிடையில் உங்கள் விருப்பத்தை ஆயரிடமும், அவர் பொறுப்பிலுள்ள சபைகளை நிர்வகிக்கும் குருசேகரக் குழுவிடமும் தெரிவித்து, ஓய்வுநாள் பள்ளியோ, நோயாளிகளைச் சந்திப்பதோ, அவர்கள் தரும் பொறுப்பை ஏற்றுச் செய்யுங்கள். கைதட்டல் கிடைக்காத வேலைகளிலும் உங்கள் ஆர்வம் தங்குகிறதா என்று சபை பார்க்கட்டும், நீங்களும் பாருங்கள். அதன்பின் ஆயரின் பரிந்துரையோடு பேராயத்தை (பேராயரின் கீழுள்ள திருச்சபை நிர்வாகத்தை) அணுகினால், அவர்கள் நேர்காணல் நடத்தித் தகுதியுள்ளவரை இறையியல் படிப்புக்கு அனுப்புவார்கள். சேராம்பூர் பல்கலைக்கழகத்தின் பி.டி. (இறையியல் இளங்கலை) படிப்பு பட்டதாரிகளுக்கு நான்கு ஆண்டுகள். மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியிலும், சென்னை குருகுல் கல்லூரியிலும் அதைப் படிக்கலாம். யோனாவைச் சொல்லி உங்களைப் பயமுறுத்தியவரிடம் ஒன்று சொல்லுங்கள்: யோனா கப்பலேறியது கர்த்தரின் சமுகத்தைவிட்டு விலகுவதற்காக, நீங்களோ அவர் முன்னிலையில்தான் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கேள்வி: என் மகள் இறையியல் படிக்க விரும்புகிறாள். ‘பெண் பிள்ளைக்கு எதற்கு இந்த அழைப்பு?’ என்று உறவினர்கள் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது? (ஒரு தாய், கும்பகோணம்)

பதில்: கிளாரிந்தாவின் கதையைச் சொல்லுங்கள், அம்மா. தஞ்சாவூரிலிருந்து சென்ற அந்த மராத்திய பிராமணக் கைம்பெண்ணுக்கு, முதலில் மறுத்த மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரே 1778-இல் பாளையங்கோட்டையில் ஞானஸ்நானம் கொடுத்தார். ஆயர் எவரும் அங்கே நிலையாகத் தங்கியிராத அந்நாட்களில், விசுவாசிகளைத் திரட்டி ஆலயம் எழும்பச் செய்தவர் அவரே. குருப்பட்டத்தைப் பொறுத்தவரை, தென்னிந்தியத் திருச்சபை 1970-களிலேயே பெண்களுக்கு அதை அளிக்கத் தொடங்கிவிட்டது. மற்றபடி, மேலே அந்தத் தம்பிக்குச் சொன்ன சோதனைகள் எல்லாம் உங்கள் மகளுக்கும் பொருந்தும்; ஒன்றும் கூடவோ குறையவோ வேண்டாம்.

கேள்வி: எனக்கு எந்தத் தரிசனமும் கிடைத்ததில்லை. வெறும் விருப்பத்தோடு ஊழியத்துக்கு வரலாமா? (வாசகர், திருவாரூர்)

பதில்: வரலாம். கண்காணிப்பை, அதாவது சபையை மேற்பார்க்கும் பொறுப்பை, விரும்புகிறவன் நல்ல வேலையை விரும்புகிறான் என்றே திமோத்தேயுவுக்குப் பவுல் எழுதினார். அந்தத் திமோத்தேயு புறப்பட்ட நாளில் தரிசனம் கண்டதாக அப்போஸ்தலர் நடபடிகளில் எழுதப்படவில்லை. லீஸ்திராவிலும் இக்கோனியாவிலும் இருந்த சகோதரர்கள் அவரைக் குறித்து நற்சாட்சி கொடுத்தார்கள், பவுல் அழைத்துக்கொண்டு போனார். திருவாரூரில் உங்களைக் குறித்து அவ்வாறு சொல்லக்கூடியவர்கள் யார் என்று உங்கள் ஆயரைக் கேளுங்கள்.