கென்னடி நூலகக் கூட்டத்துக்குப் போகும் தம்பிக்கு

பாஸ்டனுக்குப் புதிதாக வந்த தம்பி கேட்டிருக்கிறார்: முன்னாள் அதிபர் ஜான் கென்னடி பெயரிலுள்ள கென்னடி நூலகத்தில் பெரிய ஆட்கள் பேசும் கூட்டத்துக்கு எப்படிப் போவது, என்ன உடுத்துவது, அவர்களிடம் கேள்வி கேட்க விடுவார்களா?

உடையை விடுங்கள், ஜீன்ஸே போதும். ரெட் லைன் மெட்ரோ ரயிலில் ஜேஎஃப்கே-யூமாஸ் நிறுத்தம். ஆஷ்மான்ட், பிரெயின்ட்ரீ போகும் இரண்டு வண்டியும் நிற்கும். அங்கிருந்து இலவச ஷட்டில் பஸ். நடக்கலாம்தான், ஆனால் கடலோரம். ஜனவரிக் காற்று காதைப் பிய்த்துவிடும்.

கூட்டம் இலவசம். ஆனால் பெயர் பதிந்தாயிற்றே என்று கடைசி நிமிடத்தில் போனால் வேறு அறையில் திரையில் பார்க்க நேரிடும். மைக் இருப்பது பிரதான அரங்கில். ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் நடைவழி ஓரத்து இருக்கையைப் பிடியுங்கள். கேள்விக்கு மிஞ்சுவது கடைசி இருபது நிமிடம். வரிசையில் பின்னால் நின்றால் முறை வராது.

இனிதான் விஷயம். நம்மாட்கள் சிலர் மைக் கிடைத்ததும் சொந்த வரலாறு, இந்தியப் பெருமை, அப்புறம் ஒரு வாழ்த்து என்று ஓட்டுவார்கள். 1965ல் கறுப்பர் வாக்குரிமைக்காக ஊர்வலம் போய் செல்மா பாலத்தில் போலீஸ் அடி வாங்கியவரிடம் போய் எச்-1பி வேலை விசா பற்றிக் கேட்பார்கள். நெறியாளர் 'கேள்வி எங்கே?' என்பார், அரங்கமே நெளியும். பெயர், ஒரே வாக்கியம், உட்கார்ந்துவிடுங்கள்.

'அப்போது மனநிலை எப்படி இருந்தது' என்று கேட்டால் ஐம்பது வருடமாகச் சொல்லித் தேய்ந்த பதில்தான் வரும். ஒரு தேதியை, ஒரு ஆவணத்தைப் பிடித்துக் கேளுங்கள். உதாரணமாக, கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் வைத்ததால் வந்த 1962 நெருக்கடியில், அவற்றை அகற்றுவதற்குப் பதிலாகத் துருக்கியிலிருந்த அமெரிக்க ஏவுகணைகளை எடுக்க வெள்ளை மாளிகை ரகசியமாக ஒப்புக்கொண்டிருந்தது. அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி இந்த நெருக்கடி பற்றி எழுதி, அவர் இறந்தபின் வெளிவந்த நூலைச் செம்மைப்படுத்திய அதிபரின் ஆலோசகர் டெட் சோரன்சன் அதை மழுப்பிவிட்டார். 1989ல் மாஸ்கோ மாநாட்டில் முன்னாள் சோவியத் தூதர் டோப்ரினின் நேருக்கு நேர் எடுத்து வைத்தபிறகே, சோரன்சன் அதை எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டார்.

அந்தத் தலைமுறையில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். சோரன்சன் 2010ல், செல்மாவில் அடி வாங்கிய ஜான் லூயிஸ் 2020ல், வியட்நாம் போர் ரகசிய ஆவணங்களை வெளியிட்ட எல்ஸ்பெர்க் 2023ல். அதனால் வருகிறவர் யாராயினும் தள்ளிப் போடாதீர்கள். போகுமுன் சி-ஸ்பான் தொலைக்காட்சியின் இணையக் காணொளிக் கிடங்கில் அவருடைய பழைய பேச்சு இரண்டு மூன்றைப் பாருங்கள், இலவசம்தான். நீங்கள் நினைத்த கேள்விக்கு எல்லாவற்றிலும் ஒரே பதில் சொல்லியிருந்தால், அதை விட்டுவிட்டு வேறு தேடுங்கள்.