கீரையைத் துப்பும் எட்டு மாதக் குழந்தை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: மகளுக்கு 8 மாதம். சீனி போட்ட கஞ்சிக்கு வாய் திறக்கிறாள், கீரையை மசித்துக் கொடுத்தால் துப்புகிறாள். பிள்ளை பெற்றதும் மாமியார் பத்தியம் என்று பூண்டும் மிளகுமாகவே போட்டு, கீரையைத் தொடவிடவில்லை. அதனால்தானா?

சகோதரி, மாமியாரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அந்தப் பூண்டும் உங்கள் மகளுக்கு ஒரு ருசிதான். அமெரிக்காவில் மோனெல் ஆய்வு மையத்தின் ஜூலி மென்னெல்லாவும் கேரி போஷாம்பும் 1991-இல் பால் கொடுக்கும் தாய்மாருக்குப் பூண்டு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். 2 மணி நேரத்தில் பாலில் வாடை ஏறியது, பிள்ளைகளோ முகம் திருப்பாமல் இன்னும் அதிக நேரம் மார்பிலேயே இருந்தார்கள். மென்னெல்லா குழு 2001-இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலோ பால் கொடுக்கும்போதோ கேரட் சாறு குடித்த தாய்மாரின் பிள்ளைகள், பிறகு கேரட் கலந்த கூழுக்கு அவ்வளவாக முகம் சுளிக்கவில்லை. பனிக்குட நீரிலேயே ருசி பழகிவிடுகிறது.

சரி, கீரை பழகவில்லை, இப்போது பழக்கலாம். இன்னும் பால் கொடுக்கிறீர்கள் என்றால் நீங்களே தினமும் கீரை சாப்பிடுங்கள்: வேலியோரத்து முருங்கை, பாசாரில் (சந்தையில்) கிடைக்கும் சாயூர் மானிஸ் கீரை, எதுவானாலும். அவளுக்கும் அதே கீரையை, சீனி கலக்காமல், ஒரு கரண்டி, ஒரே வாரத்தில் பல நாள். கசப்புக்கு முகம் சுளிப்பது பிறவிக் குணம், அதை "பிடிக்கவில்லை" என்று நாமாக மொழிபெயர்த்துக்கொள்கிறோம். இன்னோர் ஆய்வில் 8 நாள் தொடர்ந்து பச்சை பீன்ஸ் மசியல் கொடுத்ததில் பிள்ளைகள் சாப்பிட்ட அளவு நன்றாகக் கூடியது. மூன்றாம் நாளே நாம் கைவிடுகிறோம், அதுதான் தொல்லை. எட்டுப் பத்துத் தடவையாவது கொடுத்துப் பாருங்கள், ஆனால் வாயில் திணிக்காதீர்கள். தலையைத் திருப்பினால் அன்றைக்கு அவ்வளவுதான்.

கஞ்சியில் சீனியை நிறுத்துங்கள். இனிப்பு பிறவியிலேயே பிடித்துவிடும், அதற்குப் பழக்கம் தேவையில்லை. பதிலுக்குத் தேன் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பொட்டுலிசம் எனும் ஆபத்தான நோய் வரலாம். அப்புறம், இரண்டு வயது வாக்கில் புதிய சாப்பாட்டைக் கண்டாலே பிள்ளைகள் பின்வாங்குவார்கள், அதனால் இந்த மாதங்களை வீணாக்காதீர்கள்.

எடை ஏறவில்லை, விழுங்கும்போது அடிக்கடி புரையேறுகிறது என்றால் காத்திருக்காமல் கிளினிக் கெசிஹத்தானில் (அரசு சுகாதார நிலையத்தில்) காட்டுங்கள்.