வாசலில் நின்று சொன்னாலே வாடகை கூடிவிடுமா?

கேள்வி: ஓராண்டுக்கு எழுதிக்கொண்ட வாடகை ஒப்பந்தத்தில் இப்போது எட்டாவது மாதம் ஓடுகிறது. போன வாரம் வீட்டுக்காரர் வாசலில் நின்றபடியே, “அடுத்த மாதத்திலிருந்து வாடகை கூடுதல். முடியாவிட்டால் காலி செய்துகொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிள்ளைகளுக்குப் பள்ளி ஆண்டு முடியவில்லை. கேட்டதைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள், சகோதரி. கூடுதல் தொகையை ஒரு மாதம் கட்டிவிட்டாலே நீங்கள் சம்மதித்துவிட்டதாகப் பல இடங்களில் எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் “பயந்துபோய்க் கொடுத்தேன்” என்று சொல்லி மீள்வது கடினம். அதற்காகக் கோபத்தில் வாடகையையே நிறுத்திவிடவும் கூடாது. பாக்கி வைத்தால், உங்களை வெளியேற்ற அவருக்கு நீங்களே காரணம் கொடுத்ததாகிவிடும். பழைய தொகையை வழக்கமான தேதியில் வங்கி வழியாகச் செலுத்துங்கள். கையில் கொடுப்பதென்றால் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள்.

அடுத்து, ஒப்பந்தத்தை எடுத்து ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். இத்தனை மாதத்துக்கு இவ்வளவு வாடகை என்று இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தால், அந்தக் காலம் முடியும்வரை அது அவரையும் கட்டுப்படுத்தும். நடுவில் உயர்த்த வேண்டுமென்றால் அதற்கு ஒப்பந்தத்திலேயே இடம் இருக்க வேண்டும், இல்லையென்றால் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டமும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை உயர்வு அதில் உள்ளபடியே நடக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது.

நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. விதிகள் இடத்துக்கு இடம் மாறும். ஆனால் கேட்க வேண்டியவை பெரும்பாலும் ஒன்றுதான்: எழுத்தில் தந்தாரா, எவ்வளவு முன்னதாகத் தந்தார், கடைசியாக எப்போது உயர்த்தினார்? கனடாவின் ஒன்டாரியோவில் 90 நாளுக்கு முன்பே அதற்கென்று உள்ள படிவத்தில் அறிவிக்க வேண்டும், ஓர் உயர்வுக்கும் அடுத்ததற்கும் நடுவே 12 மாதம் போக வேண்டும். இங்கிலாந்தில் தனியார் வாடகை வீடுகளுக்கு 2026 மே 1 முதல் ஆண்டுக்கு ஒரு முறைதான் உயர்வு, அதுவும் இரண்டு மாத முன்னறிவிப்போடு. வாசலில் சொல்லிவிட்டுப் போவது இந்த இரண்டு இடத்திலும் செல்லாது.

எவ்வளவு உயர்த்தலாம் என்பதில்தான் வித்தியாசம் அதிகம். கலிபோர்னியாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் வரும் வீடுகளுக்கு ஆண்டுக்கு 5 சதவீதத்தோடு விலைவாசி உயர்வைச் சேர்த்துக்கொள்ளலாம், மொத்தம் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஜெர்மனியில் வழக்கமான உயர்வு மூன்று ஆண்டில் 20 சதவீதம்வரைதான், வீட்டுத் தட்டுப்பாடு உள்ள நகரங்களில் 15. அங்கே வீட்டுக்காரர் காரணத்தை எழுதி, குடியிருப்பவரின் சம்மதத்தைக் கேட்க வேண்டும். இங்கிலாந்தில் இப்படி உச்சவரம்பு இல்லை. ஆனால் தொகை அதிகம் என்று நினைத்தால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். முன்பெல்லாம் அங்கே போய் வாடகை இன்னும் கூடிவிடுமோ என்று பலர் பயந்தார்கள். புதிய சட்டத்தில் வீட்டுக்காரர் கேட்டதற்கு மேல் தீர்ப்பாயம் நிர்ணயிக்க முடியாது. எனக்கு இது பெரிய ஆறுதலாகத் தெரிகிறது. உரிமை இருந்தும் பயத்தால் அதைப் பயன்படுத்தாமல் விடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் துயரம்.

“காலி செய்துகொள்ளுங்கள்” என்ற வார்த்தைதான் உங்களை மிகவும் கலங்க வைத்திருக்கிறது என்று புரிகிறது. வாய்வார்த்தையால் யாரையும் வெளியேற்றிவிட முடியாது. அதற்குத் தனி நோட்டீஸ், காலக்கெடு, பெரும்பாலும் நீதிமன்றம் அல்லது தீர்ப்பாயத்தின் உத்தரவு வேண்டும். தண்ணீரை நிறுத்துவது, மின்சாரத்தைத் துண்டிப்பது, பூட்டை மாற்றுவது எல்லாம் பெரும்பாலான நாடுகளில் சட்டவிரோதம். அப்படி ஏதாவது நடந்தால் படம் எடுத்து, தேதி போட்டு வைத்துக்கொண்டு, அன்றைக்கே இலவச சட்ட உதவி மையத்துக்குப் போய்விடுங்கள்.

இன்றே அவருக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்கள். “நம் ஒப்பந்தம் இந்தத் தேதிவரை உள்ளது. அதுவரை ஒப்புக்கொண்ட வாடகையைத் தவறாமல் செலுத்துகிறேன். உயர்வு வேண்டுமென்றால் தொகை, தொடங்கும் தேதி, காரணம் மூன்றையும் எழுத்தில் தாருங்கள், பேசுவோம்.” இவ்வளவு போதும். ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

அவருக்கும் வரி, கடன் தவணை என்று உண்மையான நெருக்கடி இருக்கலாம். ஒப்பந்தம் முடிய இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. அக்கம்பக்கத்தில் இதே அளவு வீடுகளுக்கு என்ன வாடகை என்று விசாரித்துவிட்டு, புதுப்பிக்கும்போது நியாயமான ஓர் உயர்வுக்குச் சம்மதியுங்கள். பதிலுக்கு இரண்டு ஆண்டுக்கு அதே வாடகை என்று கேட்டுப் பாருங்கள். பேசி முடித்தது புதிய ஒப்பந்தத்தில் ஏறிய பிறகு புதிய தொகையைக் கட்டத் தொடங்குங்கள்.