முற்றம் வைத்த வீட்டில் இல்லாத பூஞ்சை, புது வீட்டில் ஏன் வருகிறது?

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காரைக்குடிப் பக்கம் பலரும் கேட்கிற கேள்வி இது. பதில் காற்றோட்டத்தில் இருக்கிறது. காற்றோட்டம் என்றால் உள்ளே இருக்கும் காற்று வெளியேறி, புதுக்காற்று உள்ளே வருவது. அவ்வளவுதான். எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் திக்கித் திக்கித்தான் வரும். எதிர் மூலையில் இன்னொன்று போட்டால் சீராக ஊற்றும். வீடும் அப்படித்தான்.

செட்டிநாட்டு வீட்டில் தெருவாசலும் பின்வாசலும் நேருக்கு நேர் இருக்கும். சூடான காற்று லேசானது, முற்றம் வழியே மேலே போய்விடும். அந்த இடத்துக்கு வாசல் காற்று வரும். புது வீட்டிலோ குளியல், சமையல், கொடியில் காயும் துணி எல்லாவற்றின் ஈரமும் உள்ளேயே அடைபட்டுச் சுவரில் படிகிறது. பீரோவைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள், பின்சுவரில் கறுப்புப் புள்ளிகள் தெரியும். ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

சமையலறை, குளியலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் வையுங்கள். குளித்த பிறகும் 20 நிமிடம் ஓடட்டும். மழை விட்டு வெயில் அடித்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறங்கள். பீரோவுக்கும் சுவருக்கும் நாலு விரல் இடைவெளி விட்டால் நல்லது.

அப்புறம், சீலிங் ஃபேன் ஓடினாலே காற்றோட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். அது உள்ளே இருக்கும் அதே காற்றைத்தான் சுற்றிவிடுகிறது.