வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?

அன்புள்ள ஐயா,
நான் உதவி ஒளிப்பதிவாளன். போன வாரம் முதன்முதலாக ஒரு குறும்படத்துக்குத் தனியாக லைட்டிங் செய்தேன். பிளானை இணைத்திருக்கிறேன். முதல் ஷாட்டுக்கு முன்பே ஜெனரேட்டர் நின்றுவிட்டது. நான்கு லைட்மேன்களும் சும்மா நின்றார்கள், டைரக்டர் கத்தினார். ஷூட்டிங்கே ரத்து. இனிமேல் கைவசம் வைத்துக்கொள்ள எந்த எல்இடி வாங்கலாம்?
உங்கள் வாசகன்

அன்புள்ள தம்பி,
அந்த நிமிடம் வயிற்றைப் பிசைந்திருக்கும், தெரியும். டைரக்டர் கத்தியதை விடுங்கள், கத்துவார்கள்.

பிளானை இரண்டு முறை பார்த்தேன். எந்த லைட் எங்கே, எத்தனை கிலோவாட், எல்லாம் இருக்கிறது. அந்த அறைக்குள் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் ஒரு வரி இல்லை. சன்னலா? தெருவிளக்கா? அடுப்பா? அதை எழுதாததால்தான் கரண்ட் போனதும் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

சத்யஜித் ரேயின் 'அபராஜிதோ' படம் 1956-இல் வந்தது. மழைக்குப் பயந்து, காசி வீட்டைக் கல்கத்தா ஸ்டுடியோவில் செட் போட்டார்கள். முற்றத்தில் இறங்கும் நிழலில்லாத வெளிச்சம் ஸ்டுடியோவில் வராது என்று ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா சொல்லிப் பார்த்தார், நடக்கவில்லை. செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, கீழிருந்து அதில் லைட் அடித்துத் திருப்பினார். 25 வயது. தனக்கு வேண்டியது ஒரு வானம் என்று தெரிந்திருந்தது, துணியில் செய்துகொண்டார்.

நான் உதவியாளனாக இருந்தபோது ஒரு செட்டிநாட்டு வீட்டில் கரண்ட் ஒரு நொடி போய் வந்தது. வெயில்போல அடிக்கும் பெரிய லைட், 4 கிலோவாட் எச்எம்ஐ, அணைந்துவிட்டது. சூடு ஆறாமல் அது மறுபடி பற்றாது. நான் பிளான் பேப்பரை வைத்துக்கொண்டு விழித்தேன். மூத்த லைட்மேன் ஒருவர், மூலை உடைந்து கறுப்பு டேப் ஒட்டிய தெர்மாக்கோலை முற்றத்து வெயிலில் சாய்த்து வைத்தார். தூணோரம் உட்கார்ந்திருந்த நடிகையின் கன்னத்தில் வெளிச்சம் மெல்ல ஏறியது. "வெயில் நகருது தம்பி, வைடு ஷாட்டை மொதல்ல முடிங்க. குளோசப்பை அப்புறம் சின்ன லைட்டுல ஒப்பேத்திக்கலாம்" என்றார். வெயில் நகர நகரக் காலாலேயே தெர்மாக்கோலைத் தள்ளிக்கொண்டிருந்தார். நான்கு ஷாட் எடுத்தோம்.

உங்கள் செட்டிலும் நான்கு பேர் இருந்தார்களே, ஒருவரிடமாவது "என்னண்ணே செய்யலாம்" என்று கேட்டீர்களா? "சும்மா நின்றார்கள்" என்று எழுத எப்படி மனம் வந்தது? எனக்குக் கோபம் அதில்தான்.

எல்இடி எதையாவது வாடகைக்கு எடுங்கள். அதே அறைக்குக் காலையிலும் மாலையிலும் போய், வெயில் எத்தனை மணிக்கு எந்தச் சுவரில் விழுகிறது என்று குறித்து, புது பிளானை அனுப்புங்கள். பார்க்கிறேன்.