அந்தப் படிக்கட்டில் விழுந்தது யார்?

அன்புள்ள மேடம்,

உங்கள் பழைய படங்களின் ரசிகன் நான். வசனமே இல்லாமல் ஜன்னலோரம் நின்று அழுவீர்களே, அந்த மாதிரிக் காட்சிகளுக்காகவே தியேட்டருக்குப் போனவன். கடைசி மூன்று படங்களாக அடிதடி, துரத்தல், மாடியிலிருந்து குதிப்பது என்று போய்க்கொண்டிருக்கிறீர்கள். நாற்பதைத் தாண்டிய பிறகு உடம்பை ஏன் இப்படிப் பாடாய்ப் படுத்த வேண்டும்? சண்டைக் காட்சியில் நடிப்புக்கு என்ன வேலை? அப்புறம் அந்தப் படிக்கட்டுச் சண்டை. "இதெல்லாம் டூப்பு" என்றாள் என் மனைவி, இல்லவே இல்லை என்று நான் வாதாடினேன். யார் சொன்னது சரி?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கும் ஒரு வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

வயதை நினைவுபடுத்தியதற்கு நன்றி. முதலில் உங்கள் வீட்டுச் சண்டையைத் தீர்த்துவிடுகிறேன். உங்கள் மனைவி சொன்னதுதான் சரி. படியில் உருண்டது என் டூப். கீழே வந்து விழுந்ததும் முடி முகத்தை மூடியிருக்கும், ஒரு கை தரையைத் துழாவும், முகம் மெல்ல நிமிரும். அந்த நிமிர்வதிலிருந்துதான் நான். மேல்படியில் இரண்டு பேரைச் சமாளிக்கிற பகுதி முழுக்க என்னுடையது, மூன்று வாரம் ரிகர்சல் பார்த்தது. ஆக நீங்களும் பாதி ஜெயித்தீர்கள். பேட்டிகளில் "டூப் போடாமல் நானே செய்தேன்" என்று நானும் ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான், இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

சரி, நடிப்புக்கு என்ன வேலை என்று கேட்டீர்களே. அந்தப் படத்தில் என் பாத்திரத்துக்கு இடது முழங்கால் போயிருக்கும். போலீஸில் இருந்தவள், அந்தக் காலால் வேலையை விட்டவள், அதை யாரிடமும் காட்டிக்கொள்ளாமல் நடமாடுகிறவள். ஸ்டன்ட் மாஸ்டர் முதலில் அமைத்த ஃபைட்டில் இடது காலை ஊன்றிச் சுழன்று வலது காலால் ஒரு கிக் இருந்தது, பார்க்க அட்டகாசமாக இருக்கும், ஆனால் அந்தக் காலை ஊன்றி அவளால் நிற்கவே முடியாதே? நான் இதைச் சொன்னதும் மாஸ்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. மறுநாள் முழு ஃபைட்டையும் சுவரோரமாக மாற்றிக்கொண்டு வந்தார். கைப்பிடியை, சுவரை, சில இடங்களில் அடிக்க வந்தவனின் சட்டைக் காலரையே பற்றிக்கொண்டுதான் அவள் அடிப்பாள். இவளுக்குக் கால் சரியில்லை என்று எதிரே நிற்பவன் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று அவளுக்குப் பயம். எனக்குக் கிடைத்த காட்சி அந்தப் பயம்தான், குத்தும் உதையும் அதன் மேல் போர்த்தியது.

இன்னொரு விஷயம், வெளியே பலருக்குத் தெரியாது. திரையில் குத்து விழுகிற மாதிரி தெரிவதில் பெரும்பங்கு குத்து வாங்குபவருடையது. என் முஷ்டி அவர் முகத்தைத் தொடாமல் ஒரு சாண் தள்ளித்தான் போகும். கேமரா வைத்த கோணத்தில் அந்த இடைவெளி மறைந்துவிடும். அவர் தலையைத் திருப்புவது ஒரு இமைப்பொழுது பிந்தினால் போச்சு, ஒன் மோர். நான் சண்டை போடத் தெரிந்தவள் போல இருப்பது எதிரே நிற்கும் ஃபைட்டர் தயவில். நான் அடி வாங்கும்போது அந்தக் கடனைத் திருப்பித் தர வேண்டும். எனக்கு அடி வாங்குவதுதான் கஷ்டம். நடிகைக்குள் எங்கோ அழகாக விழ வேண்டும் என்று ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், அவளை விரட்டவே பத்து டேக் ஆகும். எல்லாம் முடிந்தபின் டப்பிங்கில் மைக் முன்னால் ஆடாமல் நின்று மூச்சிரைப்பு, முனகல், அலறல் அத்தனையையும் மறுபடி கொடுக்க வேண்டும். இரண்டு நாளைக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும்.

நடனம் தெரிந்தவர்கள் இதில் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். ஹாங்காங் ஆக்‌ஷன் படங்களில் பேர் வாங்கிய மிஷெல் யோ பாலே நடனம் படித்தவர், அங்கே அவருக்கு முந்தைய தலைமுறையில் 1966இலேயே திரையில் வாளெடுத்த நடிகை செங் பெய்பெய்யும் நடனத்திலிருந்து வந்தவர். ஃபைட் என்பதும் கணக்குதான், ஒன்று இரண்டு மூன்று என்று உடம்பு எண்ணப் பழகிவிட்டால் முகம் நடிக்க விடுதலையாகிறது. ஆனால் கணக்கு எல்லாவற்றையும் காப்பாற்றாது. அதே யோ, 1996இல் ஒரு ஸ்டன்ட் பெண்ணாக நடித்த படத்தில் பாலத்திலிருந்து குதித்து விழுந்து முதுகில் மோசமாக அடிபட்டார். ஹாலிவுட் நடிகை சார்லீஸ் தெரோனுக்கு 2017இல் வெளியான ஒரு படத்துக்குப் பயிற்சி எடுக்கும்போது பல்லைக் கடித்துக் கடித்தே இரண்டு பல்லில் விரிசல் விட்டது.

உடம்பைப் பாடாய்ப் படுத்துவது பற்றிக் கேட்டதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒரு படத்தில் (பெயர் வேண்டாம்) பதினாலு மணி நேரம் வேலை முடிந்த பிறகு, விடியற்காலையில் கயிற்றில் கட்டித் தொங்கவிடும் ரோப் ஷாட் இன்னொன்று என்றார்கள். இடுப்பில் பெல்ட் அழுத்திய இடம் ஏற்கெனவே கன்றியிருந்தது. முடியாது என்றிருக்க வேண்டும். சொன்னால் "பாவம், பொண்ணுங்களை விட்டுடுங்கப்பா" என்று யாராவது சொல்வார்கள் என்ற வீறாப்பில் சரி என்றேன். இறங்கும்போது கை முதலில் தரையில் பட்டது. அந்த மணிக்கட்டால் இன்றைக்கும் என்னால் ஒரு பாட்டில் மூடி திறக்க முடியாது. இதைத் தைரியம் என்று எழுதினார்கள். மடத்தனம் என்றுதான் நான் சொல்வேன். இப்போதெல்லாம் ஒப்பந்தத்திலேயே நேரத்தை எழுதிவிடச் சொல்கிறேன்.

டூப்பாக வரும் பெண்களுக்கு இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு: உடை. ஹீரோவுக்கு ஜாக்கெட், முழுக்கால் பேன்ட், பூட்ஸ். முழங்கை, முழங்கால், முதுகு எல்லாவற்றுக்கும் உள்ளே பேட் வைத்துக்கொள்ளலாம். நாயகிக்கு மெல்லிசாக, கையில்லாமல் ஒன்றைத் தைத்துவிடுவார்கள், அவளுக்குப் பதிலாக விழுகிறவளும் அதையே போட்டுக்கொண்டு வெறும் தோலோடு விழ வேண்டும். படிக்கட்டுச் சண்டைக்கு நான் முழுக்கை கேட்டு இரண்டு நாள் வாதாடினேன். "அழகு போயிடும் மேடம்" என்றார்கள். போகட்டும் என்றேன். நீங்கள் பார்த்த அந்தத் தொளதொள சட்டை அப்படி வந்தது.

நொண்டலுக்காக நானும் என் டூப்பும் ரிகர்சல் ஹாலில் தினமும் அரை மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம், அவர் என்னைப் பார்த்துப் பழகட்டும் என்று. நாலாம் நாள்தான் கவனித்தேன், அவர் நடைதான் உண்மையாக இருந்தது. கேட்டால், "பழைய அடி மேடம், எனக்கும் முட்டிதான்" என்றார். அதற்குப் பிறகு நான்தான் அவரைப் பார்த்து நடந்தேன். ஷூட்டிங் அன்று படியில் நாலு முறை உருண்டார். நாலாவது ஓகே ஆனதும் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் வாங்கிக் குடிக்கவில்லை, மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: "இடது காலை மறைச்சுக்கிட்டுதானே விழுந்தேன்? தெரிஞ்சுதா?"